மூன்றாவது தூண்டில் தடி

கனடாவின் லவால் நகரில் இருக்கும் மீன்பிடிச் சாமான் கடைக்குள் மே மாத வெயில் நீளமாக விழுந்து கிடக்கிறது. சூசைதாசன் மூன்றாவது தூண்டில் தடியை வலது கையில் எடுக்கிறார். பாரிசவாதம் வந்து ஒரு வருடமாக மரத்துக் கிடந்த கை. சனிக்கிழமை எல்லை தாண்டி அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையில் வரி போட்ட பாஸ் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று ஆசை. முதலிரண்டு தடிகளும் பாரம். மனைவி நூலை இழுத்துப் பார்த்தது விரலுக்குத் தெரியவில்லை. இது ஈர்க்குப் போல மெல்லியது. இதிலும் தெரியாவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆறடி தள்ளி நூல் நுனியைப் பிடித்திருக்கும் மனைவி பிலோமினாதான் மீன். இந்தக் கைக்குத் தினமும் எண்ணெய் பூசி, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள். மெதுவாக இழுக்கிறாள். "தெரியுதோ?" "ஓம்." இன்னும் மெதுவாக இழுக்கிறாள். "ஓம், தெரியுது பிலோ!" பிலோமினா இழுப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நிற்கிறாள். "இப்பவும் இழுக்கிறாய்," என்கிறார். "நான் இழுக்கேல்லையப்பா." அவர் கண்ணைத் திறக்கிறார். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பவளின் கை நடுக்கம் நூல் வழியே, தடி வழியே வந்து அவர் விரல்களுக்குள் துடிக்கிறது. "மாதாவே," என்கிறார் சூசைதாசன், தடியைக் கீழே வைக்க மனமில்லாமல்.