இடது காதுக்கு மட்டும்

“ஆடாதீங்க, எண்ணெய் கழுத்துக்கு ஓடிடும்” என்றாள் மனைவி.

மெக்கானிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நல்ல காது தலையணைக்குள். அடைத்துப்போன இடது காது மேலே.

இஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன். ஒரு வாரமாகக் கோழி மாதிரி கழுத்தைச் சாய்த்து வண்டிகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். பட்டறையே சிரித்தது. பொறுக்க முடியாமல் பைக் சாவியைக் காதுக்குள் விடப்போனவனை அவள்தான் தடுத்து, டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். சவ்வில் ஓட்டை இல்லை, காது அழுக்கு, குரும்பிதான் இறுகிக் கிடக்கிறது, சில நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரால் அலசினால் போதும் என்றார். குச்சி, ஊக்கு எதுவும் காதுப்பக்கமே போகக்கூடாது.

அன்றிலிருந்து காலையில் இதுதான் வேலை. எண்ணெயை லேசாகச் சூடாக்கி, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். பிறகு ஃபில்லரால் அவன் காதில் இரண்டு சொட்டு. அது உள்ளே இறங்கும்வரை அவன் அசையக்கூடாது.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்தக் காதோடு பேசுவது.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனால் ஊதுகிறவளுக்கு அப்படியொரு நிம்மதி! ஒருநாள் நாத்தனாரைத் திட்டினாள். ஒருநாள் அவன் குறட்டையைத் திட்டினாள். நேற்று வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள்.

இன்று நன்றாகக் குனிந்தாள்.

“இந்தத் தடவை தங்கிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. துடிப்புகூட கேட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருக்கு.”

முன்பு இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் அவன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். அது தங்காமல் போனபிறகு வீட்டுக்கு வரவே பிடிக்காமல் பட்டறையே கதியென்று கிடந்தான். அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்க அவளால் ஆகாது.

அவன் அசையவில்லை.

டாக்டர் அலசச் சொன்ன நாள் இன்று. எழுப்பி உட்காரவைத்தாள். காதுக்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்து, குழல் வைத்த ரப்பர் பந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லப் பீய்ச்சினாள்.

கிண்ணத்தில் தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. மேலே கொஞ்சம் எண்ணெய். குரும்பி ஒரு பொட்டுகூட இல்லை.

“ஏங்க, ஒண்ணுமே வரலையே!” என்று பதறினாள்.

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் இரண்டும் இருந்தன.

“அது நேத்து பட்டறையிலயே தானா வந்து விழுந்துடுச்சு. தினமும் காதுல மூச்சு மட்டும் படுதே, அப்படி என்னதான் சொல்றேன்னு கேக்கத்தான் இன்னிக்கும் படுத்தேன்.”



அவன் எழுந்து, அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பறித்துக் கீழே வைத்தான்.

“இனிமே நீ வெயிட் தூக்கக்கூடாது” என்றான்.