பால் பாணுக்கு ஒரு சாட்சி

“எழுதி முடிச்சிட்டன் றாஹிலா. நாளைக்குக் கந்தோர்ல குடுக்கிறதுதான் பாக்கி” என்று சொல்லி, சரீப் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினார். அலுவலக வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிய கடிதம் அது. ஓய்வு கிடைத்ததும் வீட்டு முன்பக்கத்தில் பேக்கரி திறந்து, பால் பாண் என்கிற பால் ரொட்டி போட்டு விற்பதாகத் திட்டம்.

அவருடைய மனைவி றாஹிலா கழுவிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே வைத்தாள். “உங்களுக்கு மூளை கீளை பிசகிட்டா? இன்னும் அஞ்சு வருசச் சேவை கிடக்கு. ரெண்டாவது மகளுக்குச் சீதனமாக் குடுக்கிற ஊடு கூரை போடாம நிக்கிது. யூரியூப்பப் பாத்து நாலு பாண் சுட்டதுக்கு ஆராச்சும் உத்தியோகத்த விடுவாங்களா?”

நியாயமான கேள்விதான். அந்தச் சந்தேகம் சரீபுக்கே ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து போனது. ஐம்பத்தைந்து வயதில், கோப்புகளைத் தவிர வேறெதையும் புரட்டியறியாத கையால் கோதுமை மாவைப் புரட்டும் தன்னைக் கண்ணாடியில் கண்டு, ‘வந்துட்டாரு பெரிய பாண் பாஸ்!’ என்று அவரே சிரித்திருக்கிறார்.

முதல் பாண் பொங்கவே இல்லை. இரண்டாவது பொங்கிவிட்டு, யோசித்துப் பார்த்து அமர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பார்வைக்கு நல்ல பொன்னிறம். வெட்டுவதற்குத்தான் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டில் எல்லோரும் புகழ்ந்தார்களே! றாஹிலாவின் கூடப்பிறந்த மூத்த நானா அச்சிமுகம்மது ஒரு துண்டை வாயில் போட்டு, பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும் வரை மென்றுவிட்டு, “மாஷா அல்லாஹ், பஞ்சு மாதிரி இரிக்கி மச்சான்” என்றாரே!

“எங்கட ஆக்கள்ட கதையக் கணக்கெடுக்காதீங்க” என்றாள் றாஹிலா. “நீங்க இந்த ஊட்டுக்கு வந்த மாப்பிள்ள. முப்பது வருசம் போனாலும் மாப்பிள்ள மனம் நோக இஞ்ச ஆரும் கதைக்கமாட்டாங்க. நீங்க கல்லச் சுட்டுக் குடுத்தாலும் பஞ்செண்டுதான் சொல்லுவாங்க.”

சரீபுக்குப் பழைய கதையொன்று நினைவு வந்தது. மாப்பிள்ளையாக வந்த புதிதில் அவர் மூக்கால் பாடிய பாட்டையும் இதே மச்சான்தான் இரண்டாந்தரம் பாடச் சொல்லிக் கேட்டவர்.

“அப்ப வினோதன்? அவனும் உங்கட குடும்பமா?”

அவரிடம் இருந்த ஒரே துருப்புச் சீட்டு அதுதான். வினோதன் அவருடைய கந்தோரில் எழுதுவினைஞர், பெரியநீலாவணைக்காரன். ஒரு வெள்ளிக்கிழமை சரீப் கந்தோருக்குக் கொண்டுபோன பாணை மற்றவர்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்து மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்க்க, அவன் மட்டும், “சேர், மிச்சத்த நான் கொண்டுபோகட்டா?” என்று கேட்டு வாங்கினான். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. முழுப் பாணையும் பெட்டியோடு வாங்கிப் போவான்.

ஞாயிறு பின்னேரம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கே வருவான். வெறும் பெட்டியைக் கொடுக்கிற பழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. அது நிறைய மீன் இருக்கும். றாஹிலா அதைப் புளியாணம் வைத்துப் பரிமாறும் நேரத்தில் மட்டும் பாணைப் பற்றிக் குறை சொல்லமாட்டாள்.

“ஓம், அந்தத் தம்பி பிறத்தியாள்தான்” என்று றாஹிலா யோசித்தாள். “சரி, இண்டைக்கு வருவார்தானே, நானே கேக்கிறன். நல்லமெண்டு அவர் வாயால சொன்னா நாளைக்கே கடிதத்தக் குடுங்க, நான் ஒண்டும் கதைக்கமாட்டன். இல்லாட்டி அந்த ஓவன் தங்கச்சி சுல்பிகாட ஊட்டுக்குப் போயிரும். பொறகு பாண் எண்ட கதையே இஞ்ச வரக்கூடா.”

“சம்மதம்!” என்றார் சரீப். வாய்தான் சொன்னது. அசர் தொழுகையில் எத்தனையாவது றக்அத்துச் சுற்றில் நிற்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வினோதன் சிரித்த முகத்தோடு பெட்டியை நீட்டினான். உள்ளே கையகலத்தில் ஆறேழு ஆற்றுமீன்கள்.

“தம்பி, ஒரு விசயம் கேக்கணும்” என்று றாஹிலா நேரே தொடங்கினாள். “சேர்ட மூஞ்சியப் பாக்காம உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இவர்ட பாண் எப்பிடி?”

சரீப் தன் மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

“இதுல மூஞ்சியப் பாக்க என்ன இருக்கு அக்கா? கல்முனையில உள்ள அத்தன பேக்கரிப் பாணும் வாங்கிப் பாத்திட்டன். அக்கரைப்பற்றில இருந்தும் எடுப்பிச்சன். சேர்ட பாணுக்குக் கிட்டவும் வராது, சத்தியமா!”

அல்ஹம்துலில்லாஹ்! சரீபுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தக் கையையா இவ்வளவு நாளும் நாமே பகிடி பண்ணினோம் என்று அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

றாஹிலா மீன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு, சொன்ன சொல் தவறாமல், கடித உறையை எடுத்து வந்து அவருடைய சட்டைப் பைக்குள் தானே வைத்தாள்.

“அப்ப நான் நம்பி பேக்கரி துறக்கலாம்தானே தம்பி?” என்று சரீப் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“கட்டாயம் துறங்க சேர், எங்கட பொடியன்மார் எல்லாரும் உங்கட்டத்தான் வாங்குவாங்க. மத்தப் பாணெல்லாம் ஆத்துல விழுந்த உடன கரைஞ்சு போயிரும். உங்கட பாண் மட்டுந்தான் மீன் வந்து விழுங்குற வரைக்கும் தூண்டில்லயே கிடக்கும்!”