இன்னொரு டொக்டர்

"அந்த டொக்டரில எனக்கு நம்பிக்கை இல்லை. அதுதான் உங்களிட்ட வந்தனான்."

நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே தில்லைநாயகி விஷயத்தைச் சொல்லிவிட்டார். சுவிஸின் ஓஸ்டர்முண்டிகன் ஊரிலிருந்து வின்டர்தூர் நகரம் வரை ரயிலில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம் அது. பக்கத்தில் கணவர் தம்பித்துரை, மடியில் மருத்துவ அறிக்கைகள் அடங்கிய ஒரு மஞ்சள் கோப்போடு இருந்தார்.

டொக்டர் சிவதர்சினி சுவிஸில் பிறந்து வளர்ந்த பெண்கள் நோய் மருத்துவர். வேறு டொக்டரைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் மாதத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கோப்பை வாங்கிக்கொண்டார்.

"என்ன பிரச்சினை அன்ரி?"

"மாதவிடாய் நிண்டு ஏழு வருசம். இப்ப திரும்ப ரத்தம் படுது. கர்ப்பப்பையை எடுக்கவேணுமெண்டு அந்த டொக்டர் ஒற்றைக்காலில நிக்கிறா. வாற திங்கட்கிழமை ஒப்பரேஷன். வரமாட்டனெண்டால் நாளைக்குள்ள சொல்லிப்போடவேணும். ஐம்பத்தெட்டு வருசமா ஒரு கத்தி படாத உடம்பு பிள்ளை இது!"

"வெட்டுக்குப் பயம். வேற ஒண்டுமில்லை," என்றார் தம்பித்துரை.

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

சிவதர்சினி கோப்பைப் புரட்டினார். "சரி, அந்த டொக்டரில என்ன குறை?"

"வயசு காணாது. முப்பத்திரண்டு. நேற்றுப் படிச்சு முடிச்சது."

"எனக்கு முப்பத்தஞ்சு அன்ரி."

"நீங்கள் வேற. உங்களைப் பாக்கவே ஒரு நிதானம் தெரியுது."

"அவவும் கெட்டிக்காரிதான்," என்றார் தம்பித்துரை. "அவவிட்டக் காட்டுறதுக்குச் சனம் மூண்டு மாசம் காத்துக்கொண்டு நிக்குது."

"இவருக்கு அவவைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது," என்று டொக்டரிடம் முறையிட்டார் தில்லைநாயகி. "விசயத்தைச் சொல்லேக்க அவ என்ர முகத்தைப் பாக்கேல்ல. யன்னலைப் பாத்துக்கொண்டு சொன்னவ. குரலும் நடுங்கினது. சொல்லுற ஆளுக்கே நிச்சயமில்லாட்டி, கேக்கிற எனக்கு எப்பிடி நம்பிக்கை வரும்?"

சிவதர்சினி நெற்றியைச் சுருக்கினார். "அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுதான்."

"கேட்டியளோ?"

தம்பித்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேசைக்குக் கீழே மனைவியின் செருப்பு அவர் காலை மிதித்தது.

"அதுக்குப் பிறகு நாளுக்கு மூண்டு தரம் போன். திங்கட்கிழமை வருவியளோ, வருவியளோ எண்டு. எந்த டொக்டர் இப்பிடி ஆள் பிடிப்பா? சரி, அவ்வளவு அவசரமெண்டால் அவவே செய்யலாம்தானே? மாட்டாவாம். தன்னால ஏலாதாம். வேற ஒரு டொக்டரிட்டத் தள்ளிவிட்டிட்டா."

"அவ ஒப்பரேஷன் செய்யிறதில்லையோ?"

"கிழமைக்கு நாலு செய்யிறா," என்றார் தம்பித்துரை, மெதுவாக.

"ஊர்ச்சனத்துக்கெல்லாம் செய்வா. எனக்கு மட்டும் ஏலாது!"

சிவதர்சினி அதற்கு மேல் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஸ்கான் செய்தார். எழுந்து வந்து, கோப்பிலிருந்த அறிக்கைகளை முதலிலிருந்து இன்னொருமுறை வாசித்தார். தில்லைநாயகி உடுப்பைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்து, டொக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒண்டும் தேவையில்லை, வீட்ட போங்கோ' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

"அன்ரி, வடிவாப் பாத்திட்டன். அந்த டொக்டர் சொன்னதுதான் சரி."

தில்லைநாயகி கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கர்ப்பப்பையின்ர உட்பக்கம் தடிச்சிருக்கு. அதில எடுத்துப் பார்த்த துண்டில கலங்கள், அதுதான் செல்கள், மாறத் தொடங்கியிருக்கு. அந்தத் துண்டில புற்றுநோய் இல்லை. இப்பிடியே விட்டால் புற்றுநோயா மாறலாம். நானெண்டாலும் எடுக்கத்தான் சொல்லுவன். திங்கட்கிழமையே போங்கோ."

"அப்ப அவ பிழையாச் சொல்லேல்ல?"

"இல்லை. இதைச் சில பேர், ரெண்டு துளி ரத்தம்தானே எண்டு மருந்து குடுத்து அனுப்பியிருப்பினம். இவ விடாமல் துண்டு எடுப்பிச்சுப் பாத்திருக்கிறா. நல்ல நேரத்தில பிடிச்சிட்டா அன்ரி."

தில்லைநாயகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயமா, நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை. தம்பித்துரை கைலேஞ்சியை நீட்டினார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

"போன் எடுத்து, வாறனெண்டு சொல்லுங்கோ," என்றார் தில்லைநாயகி.

மனைவி சொல்லி முடிக்கும் முன்பே தம்பித்துரை போனோடு வெளியே போய்விட்டார். சிவதர்சினி கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்டு சொல்லட்டோ அன்ரி? குரல் நடுங்கினது, போன் எடுத்தது எல்லாத்தையும் விடுங்கோ. இப்பிடி ஒரு டொக்டர் லேசில கிடைக்காது. அவவை மட்டும் மாத்திப்போடாதேங்கோ."

"மாத்திறதோ?" தில்லைநாயகி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து கைப்பையை எடுத்தார். "பெத்த மகளை எப்பிடிப் பிள்ளை மாத்திறது?"