நான்காவது மாப்ளே

பம்ப் கம்பெனிக்குக் கொள்முதல் பார்த்த திருமூர்த்தி, இருபது வருடத்தில் இரண்டே முறைதான் வார்ப்பட்டறை நாச்சிமுத்துவை "மாப்ளே" என்று கூப்பிட்டிருக்கிறான். கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். நாச்சிமுத்துவும் மறுபேச்சில்லாமல் இரும்பு வார்ப்புகளை அடக்க விலைக்கே கொடுத்துவிடுவான்.

இந்த மாதம் மட்டும் போனில் மூன்று "மாப்ளே". நாச்சிமுத்து பதறிப்போய் அவன் வீட்டுக்கே ஓடினான். திருமூர்த்தி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னைய நிறுத்தி ஆறு மாசமாச்சு. இப்ப வாங்கறது மெசினு. குரல் மட்டுந்தான் என்னுது."

நாச்சிமுத்துவின் போன் அடித்தது. "மாப்ளே, இன்னுங் கொஞ்சம் எறங்கி வா," என்றது திருமூர்த்தியின் குரல். எதிரே நின்ற திருமூர்த்தி வாயே திறக்கவில்லை.

"நம்ம வார்த்தை அதுக்கு எப்பிடிடா தெரிஞ்சுது?"

"எதைச் சொன்னா நீ எறங்கி வருவேன்னு கம்பெனில கேட்டாங்க. சொல்லிட்டேன், மாப்ளே."