கொஞ்சம் நில்லேன்

ஒரு ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்புக்கு வேலை அலுத்துப்போயிருந்தது. உப்பு, மணல், நூல் என்று எதை அதன் கண்ணுக்கடியில் வைத்தாலும் வைத்த இடத்திலேயே கிடக்கும். அன்று ஆராய்ச்சி செய்யும் செண்பகவல்லி, குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் விட்டு அதனடியில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள்.

சொட்டுக்குள் செருப்பு வடிவத்தில் ஓர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் மயிர், அத்தனையும் துடுப்பு மாதிரி அசைந்தன. மைக்ராஸ்கோப்புக்குத் தலைகால் புரியவில்லை.

“ஏய், கொஞ்சம் நில்லேன். உன்னை முழுசாப் பாக்கணும்.”

“நிக்கிறதா? அது எப்படிண்ணே?” என்று கேட்டுக்கொண்டே அது பாசியில் முட்டித் திரும்பி, பார்வைக்கு வெளியே போய்விட்டது. வந்தது, மறுபடி போனது.

“ஒரே ஒரு தடவை!” என்று மைக்ராஸ்கோப் விடாமல் கெஞ்சியது.

ஸ்லைடுக்குக் கீழே மைக்ராஸ்கோப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் சொட்டு ஓரத்திலிருந்து காய்ந்து வந்தது. இடம் குறையக் குறைய ஓட்டமும் தளர்ந்தது.

“அண்ணே, எனக்கு நிக்க வந்துடுச்சு. பாத்துக்க.”

மைக்ராஸ்கோப் பார்த்தது. ஒவ்வொரு மயிரும் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் எதைப் பார்க்கத் தவித்ததோ, அது மட்டும் அங்கே இல்லை.

திரும்பி வந்த செண்பகவல்லி குனிந்து பார்த்து, “அடடா, போயிடுச்சே” என்றாள். ஸ்லைடைக் கழுவி வேறு சொட்டு வைத்தாள். அதிலும் ஒன்று ஓடியது.

“என்னண்ணே அப்படிப் பாக்குற? நான் நிக்கணுமா?”

“ஐயையோ, நிக்காதே!” என்றது மைக்ராஸ்கோப். “ஓடு சாமி, ஓடு.”