கிளி ஏந்திய கை

"இந்த ஓட்டையைக் கொஞ்சம் பாருங்க பெரியம்மா," என்று காளீஸ்வரி அந்த ஒடிந்த கையை நீட்டினாள்.

பரிபூரணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உள்ளங்கையில் வாங்கினாள். ஒரு சாண் உயர வெண்கல ஆண்டாளின் இடக்கை அது. கிளியை ஏந்தியபடியே மணிக்கட்டில் ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தின் நடுவில், ஊசி நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஒரு துளை.

அந்தச் சிலையை இதே ராஜபாளையம் பட்டறையில் வார்த்தவள் காளீஸ்வரிதான். பரிபூரணத்தின் மகன் பாலகணேஷ் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து, சுந்தரபாண்டியத்து வீட்டில் அவள் அதன் முன் விளக்கேற்றாத நாள் இல்லை. அவன் கல்யாணத்துக்குப் பின் அந்த விளக்கை மருமகள் கார்த்திகா ஏற்றினாள். போன மாதம் துலக்குவதற்கு எடுத்துப்போகும்போது அவள் கை தவறி, சிலை கருங்கல் படியில் விழுந்தது. எல்லையில் மகன் நிற்கையில் வீட்டில் நாச்சியாரை உடைத்தவள் இனி விளக்கேற்ற வேண்டாம் என்று, பரிபூரணம் அன்றே அவளைச் செட்டியார்பட்டிக்குத் தாய்வீடு அனுப்பிவிட்டாள்.

உடைந்த சிலையை உருக்கி ஆடிப்பூரத்துக்குள் புதிதாக வார்த்துத் தரும்படி நேற்றுக் கொண்டுவந்து வைத்தபோது இத்தனையும் சொல்லியிருந்தாள். மருமகளை இனி அழைப்பதாக இல்லை என்பதையும் அழுத்தமாகவே சொல்லியிருந்தாள்.

"என்ன ஓட்டை இது?"

மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் விதத்தைக் காளீஸ்வரி விளக்கினாள். ஊற்றும்போது காற்று சிக்கிக்கொண்டால் உள்ளே பொந்து விழுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

"நான் வார்த்ததுல வந்த கோளாறு பெரியம்மா. கெட்டியா இருந்தா விழுந்தாலும் வளையுமே தவிர ஒடியாது. யாரு எடுத்தாலும் ஒருநா ஒடிஞ்சிருக்கும். ஒங்க மருமக மேல தப்பில்ல."

பரிபூரணத்துக்குச் சுள்ளென்று வந்தது. "பெரிய சிற்பின்னு ஊருல அம்புட்டுப் பேரு ஒனக்கு. சாமி கையில பொந்து வச்சுல்லா எங்க தலையில கட்டிருக்கே."

ஆடிப்பூரத் தேர் பார்க்க வருகிற சனத்துக்கெல்லாம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். காளீஸ்வரி தலைகுனிந்து நின்றாள். பட்டறையில் கூடவே வேலை பார்க்கும் சண்முகத்தாய் நிமிர்ந்து எதையோ சொல்ல வந்து, காளீஸ்வரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மேசைமேல் புதுச் சிலைக்கான மெழுகு முகம் இருந்தது. கொண்டை இன்னும் வைக்கவில்லை, உடம்பும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிவிடும் போலிருந்தது அந்த முகம். பரிபூரணம் அதைப் பார்த்தாள். பிறகு, உள்ளங்கையில் இருந்த ஒடிந்த கையைப் பார்த்தாள். அவளுக்கு மெய் சிலிர்த்தது.

"உள்ள ஒண்ணுமில்லாத கையை வச்சுக்கிட்டா இம்புட்டு வருசமும் கிளியை ஏந்திக்கிட்டு நின்னா?" குரல் தாழ்ந்துவிட்டது. "அப்பிடித்தான எம்மகனையும் தாங்கிருக்கா."

காளீஸ்வரி மெதுவாக, "வெள்ளிக்கிழமை வார்ப்பு. வீட்டுல விளக்கேத்துற பொண்ணு உலையில ஒரு பொட்டுத் தங்கம் போடணும். ஒங்க வீட்டுல யாரு போடுவாக?" என்று கேட்டாள்.

பரிபூரணம் ஒடிந்த கையை மேசைமேல் வைத்துவிட்டுச் செல்போனை எடுத்தாள்.

"ஏட்டி கார்த்திகா, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை உலையில தங்கம் போட நீதான் வரணும். நானே வந்து கூட்டிக்கிடுதேன்."

மறுமுனையில் அழுகை கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நாச்சியாரைச் சேவித்துவிட்டுத்தான் வீட்டுக்கு என்று கிளம்பினாள் பரிபூரணம். வாசலில் திரும்பி, காளீஸ்வரியிடம் இந்தமுறையாவது ஒழுங்காக வார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

சண்முகத்தாய் பட்டறையைப் பெருக்கத் தொடங்கினாள். மேசைக்கடியிலிருந்து துடைப்பத்தோடு பளபளவென்று புது வெண்கலத் துருவல் வந்தது. டிரில் மிஷினின் மெல்லிய முனையிலும் அதே துருவல் ஒட்டியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் அந்தக் கையைப் புளி போட்டுத் துலக்கியவள் அவள்தான். அப்போது ஒடிந்த இடம் துளை எதுவுமில்லாமல் இரும்பு மாதிரி கெட்டியாக இருந்தது.

காளீஸ்வரி, துளைக்குள் பூசியபோது விரலில் ஒட்டியிருந்த விளக்குக் கரியைத் துடைத்துவிட்டு, ஒடிந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"துளைச்சப்ப வலிச்சிருக்கும் நாச்சியாரே, பொறுத்துக்கிடுங்க."