போர்ட்டோவின் மக்கள்தொகை

எந்த மாதம் என்று சரியாக நினைவில்லை, மார்ச்சாக இருக்கலாம். அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் வேலுமணி தினமும் காலையில் இணையக் கலைக்களஞ்சியத்தில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தின் பக்கத்தைத் திறப்பார். வரலாறு அப்படியே இருக்கும். மக்கள்தொகையில் மட்டும் யாரோ ஒன்றைக் குறைத்திருப்பார்கள். அவர் திருத்தி வைப்பார்.

"எவனோ வேலவெட்டி இல்லாதவன், மரகதம். டெய்லி ஒரு ஆளைக் குறைக்கறான். இன்னைக்கு ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ண வெச்சர்றேன்."

மனைவி காபியை மேசையில் வைத்தாள்.

"பண்ணாதீங்க. நாந்தானுங்க அது."

"நீயா? எதுக்கு?"

"நம்ம பையன் அங்க செத்து ஒரு வருஷமாச்சு. நீங்க இன்னும் அவனையும் சேர்த்தே எண்ணிட்டிருக்கறீங்க."

வேலுமணி அன்றைக்குத் திருத்தாமலே லேப்டாப்பை மூடினார்.

அதன்பின் அவர் எதையும் திருத்தவில்லை. மரகதமும் குறைக்கவில்லை. மகன் தீபக்கின் அஸ்தி போன வருஷமே போர்ட்டோ ஆற்றில் கரைந்துவிட்டது. அடுத்த வாரம் முன்பின் தெரியாத யாரோ அந்த ஒன்றைத் திரும்பச் சேர்த்தார்கள். இருவரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.